"உங்க தெரு நாத்தத்தை விடவா?"

பொட்டிபுரத்திலிருந்து இருட்டோடு கிளம்பி, போடிமெட்டு வழியாக ஜீப்பில் மலையேறி, என் அம்மா பல வருடங்கள் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வந்தார். மருந்து அடித்த மறுநாளே காய் எடுக்க இறக்கிவிடுவார்கள். ஒருநாள், "மருந்து நாத்தம் தாங்கல, தலை சுத்துது" என்று சொன்னவரிடம் கங்காணி கேட்டார்: "உங்க தெரு நாத்தத்தை விடவா?" நின்றவர்கள் சிரித்தார்களாம்.

ஆலை நாற்றம் பற்றிய புகார்களுக்கு வரும் பதில்களில் எனக்கு அந்தக் கேள்விதான் கேட்கிறது. நாறுகிறவர் என்று சாதி யாருக்கு முத்திரை குத்தி வைத்திருக்கிறதோ, அவர் "இங்கே நாறுகிறது" என்றால் அது சாட்சியம் ஆவதில்லை. கருவாடு வதக்கினால் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வீட்டுக்காரரின் மூக்குக்கு இருக்கும் அதிகாரம், ஆலைச் சுவரை ஒட்டிக் குடியிருப்பவரின் மூக்குக்கு இல்லை.

கடலூர் சிப்காட்டைப் பாருங்கள். குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் மக்கள் எத்தனையோ வருடங்களாக ரசாயன நாற்றத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2004இல் ஊர்க்காரர்களே கண்காணிப்புக் குழு அமைத்தார்கள். என்ன நாற்றம், எத்தனை மணிக்கு, காற்று எந்தத் திசையில், யாருக்குக் கண் எரிந்தது என்று நோட்டில் எழுதினார்கள். அழுகிய முட்டைகோஸ், நகப்பூச்சு என்று தெரிந்த வாடையை வைத்தே அடையாளம் சொன்னார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 22 ரசாயனங்கள் இருந்தன. புற்றுநோய் உண்டாக்குபவையும் அதில் அடக்கம். மூக்கு பொய் சொல்லவில்லை.

அங்கே வாழ்பவர் எல்லாரும் தலித்துகள் இல்லை, மீனவர்களும் பிற சாதியினரும் உண்டு. ஆனால் "அந்தப் பக்கம் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லும் பழக்கம் சேரியை வைத்துக் கற்றது. சேரியில் பழகிய வாய்க்கு ஆலையோரம் புதிதல்ல.

சட்டம் என்ன செய்கிறது? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2008இல் நாற்றம் குறித்து வெளியிட்டது வெறும் வழிகாட்டுதல். 2009இன் தேசியக் காற்றுத் தர வரையறையில் 12 மாசுகள்தான். அமோனியா இருக்கிறது, ஹைட்ரஜன் சல்ஃபைடு இல்லை, மெர்காப்டன் இல்லை. அழுகிய முட்டை வீச்சத்தில் நீங்கள் குமட்டிக்கொண்டு நிற்கும்போதும் கைபேசிச் செயலி பச்சை காட்டலாம். நூறு கோடிப் பங்கு காற்றில் சில பங்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு கலந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். செறிவு மிகக் கூடினால் மூக்கே மரத்துப்போகும். மலக்குழியில் இறக்கப்பட்டவர்களைக் கொல்லும் வாயு இதுதான். அந்தச் சாவுகளையே சரியாக எண்ணாத அரசு இதை வரையறைப் பட்டியலில் சேர்க்காததில் எனக்கு வியப்பில்லை.

மூக்கை நம்பி எப்படிச் சட்டம் போடுவது என்று கேட்கும் அறிவாளிகள் ஜப்பானைப் பார்க்கட்டும். அங்கே 1971லேயே நாற்றத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. 1995 திருத்தத்தில் மனிதர்கள் முகர்ந்து பார்த்து அளக்கும் முறையையும் சேர்த்தார்கள். கழிவுநீர்த் தொட்டியை மூடுவதும், வாயுவைக் கழுவி வெளியே விடுவதும், கரி வடிகட்டி வைப்பதும் பழைய தொழில்நுட்பங்கள். செலவுதான் தடை. அந்தச் செலவை இப்போது ஊர் மக்கள் நுரையீரலால் கட்டுகிறார்கள்.

மக்கள் எழுதும் நாற்றக் குறிப்பேட்டை 1981ஆம் ஆண்டு காற்றுச் சட்டத்தின் கீழ் ஆதாரமாக ஏற்க வேண்டும். புகார் வந்தால், நாற்றம் தன்னுடையதல்ல என்று ஆலைதான் நிரூபிக்க வேண்டும். அதிகாரி மறுநாள் காலை பதினோரு மணிக்கு வந்து முகர்ந்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று எழுதுவதை நிறுத்த வேண்டும். நாற்றம் வருவது ராத்திரி இரண்டு மணிக்கு.