"இயற்கைதானே, ஒண்டும் செய்யாது"



லண்டனில் எங்கட வீடுகளில் மனச்சோர்வுக்கு இதுவரை இரண்டு வைத்தியம்தான்: "கனக்க யோசிக்காதை", "நல்லா நித்திரை கொள்ளு". இப்ப மூன்றாவதும் வந்திட்டுது, மூலிகைக் குளிசை.

என் மச்சாள் ஒரு பொதிக் கிடங்கில் இரவு வேலை செய்கிறாள். ஜீபி எழுதிக் குடுத்த செர்ட்ரலீனோடு, கடையில் வாங்கின சென் ஜோன்ஸ் வோர்ட்டையும் ஆறு கிழமையாக விழுங்கியிருக்கிறாள். (அவளைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.) ஏன் ஜீபிக்குச் சொல்லவில்லை? "இயற்கைதானே, ஒண்டும் செய்யாது."

ஒண்டும் செய்யாதெண்டால் காசு குடுத்து ஏன் வாங்குவான்? அது செய்யும். 2008இல் வந்த கொக்ரேன் மீளாய்வின்படி, மனச்சோர்வுக்கு அது வெற்றுக் குளிசையைவிட நன்றாகவே வேலை செய்தது. ஆபத்தும் அதனால்தான். செர்ட்ரலீனோடு சேர்ந்தால் செரட்டோனின் மிஞ்சி நடுக்கம், காய்ச்சல், குழப்பம் வரலாம். ஈரலின் நொதிகளைத் தூண்டிவிட்டு, கருத்தடைக் குளிசையையும் எச்ஐவி மருந்துகளையும் பலமிழக்கச் செய்யும். அயர்லாந்தில் வைத்தியரின் சீட்டில்லாமல் இதை வாங்க முடியாது. இங்கே விற்றமின் இறாக்கையில் கிடக்கு. பெட்டியிலுள்ள 'பாரம்பரிய மூலிகை' முத்திரைக்குத் தரமும் பாதுகாப்பும் பார்ப்பார்கள். ஆனால் பலன் உண்டு என்பதற்கு 30 வருடப் பாவனையே போதும்.

மூலிகைக் கம்பனியும் மருந்துக் கம்பனியும் எதிரெதிர் என்று நினைக்காதீங்கோ. இரண்டும் சொல்வது ஒன்றுதான்: பழுது உன் மண்டைக்குள். செரட்டோனின் குறைவதால்தான் மனச்சோர்வு என்ற கதைக்கு உறுதியான சான்றில்லை என்று 2022இல் ஜோஆனா மொன்கிரீஃப் குழுவின் மீளாய்வு சொன்னது. அதற்காக மருந்தை நாளைக்கே நிறுத்திவிடாதீங்கோ. திடீரென்று நிறுத்துவதும் ஆளை வருத்தும். மருந்து எடுப்பது வெட்கமில்லை. ஆனால் மச்சாளின் நித்திரையைப் பறித்தது இரவு முறை. அவளின் நிம்மதியைப் பறித்தது வீட்டு வாடகை. ஆலோசகரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வைத்தது, பொதுச் சுகாதாரத்தைப் பட்டினி போட்ட அரசாங்கம். இந்த மூன்றுக்கும் குளிசை கிடையாது.

ஆகவே இரண்டு வேலை. முதலாவது, இந்தக் கிழமையே வீட்டு அலுமாரியைத் திறவுங்கோ. அம்மா, அக்கா, நீங்கள் என்று யார் எடுக்கிற மூலிகைப் பெட்டியையும் பார்மசிக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கோ, கேட்க காசில்லை. இரண்டாவது, வேலைத்தலத்தில் சங்கம் இருந்தால் சேருங்கோ, இல்லையெண்டால் தொடங்குங்கோ. இரவு முறையை எதிர்த்துத் தனியாளாகக் குளிசை விழுங்கலாம். அதை மாற்றுவதற்குக் கூட்டம் வேணும்.