கோடரிக் காம்பு

‘கோடரிக் காம்பு குலத்துக்கு ஈனம்’ என்பது நம் முன்னோர் மொழி. காட்டை அழிக்க வரும் இரும்புக்குத் தனியே வலிமை இல்லை. அதே காட்டிலிருந்து ஒரு கிளையைக் காம்பாகப் பெற்ற பிறகே அது கோடரி ஆகிறது. குலத்தைக் காட்டிக் கொடுக்கும் மனிதரைச் சுட்ட எழுந்த இப்பழமொழி, எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. என்னும் நச்சுயிரிக்கும் அப்படியே பொருந்துகிறது. அந்தக் காம்பின் கதையை நாம் அறிந்துகொண்டால், நோயுற்றவரைக் கண்டு அஞ்சும் நம் பேதைமை பாதியேனும் கரையும் என்பது என் கருத்து.

நச்சுயிரிகளைப் பற்றிப் பேச நீலகிரி மாணவனுக்குத் தனி உரிமையே உண்டு. குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்குப் போகிறவர்கள் அருகிலுள்ள பாஸ்டர் நிலையத்தைக் கண்டிருப்பார்கள். 1907ஆம் ஆண்டு வெறிநாய்க்கடி நோயை எதிர்க்கத் தோன்றிய நிலையம் அது. அந்நோயைத் தரும் நச்சுயிரிக்கு ஐந்தே மரபணுக்கள். ஏறத்தாழ இருபதாயிரம் புரத மரபணுக்கள் கொண்ட மனிதனை ஐந்து மரபணு எவ்வாறு வெல்கிறது? அதன் புரதங்களுள் ஒன்று, உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் இன்டர்ஃபெரான் என்னும் எச்சரிக்கைச் செய்தி உரிய இடம் சேராதபடி தடுத்துவிடுகிறது. ஊருக்குள் புகும் திருடன் முதலில் தந்திக் கம்பியை அறுப்பதைப் போன்றது இது. கையிருப்பு குறைந்தவனுக்குத் தந்திரம் மிகுதி!

எச்.ஐ.வி.யின் கையிருப்பும் ஒன்பது மரபணுக்கள்தாம். இந்தியாவில் இத்தொற்று இருப்பது முதன்முதலில் வெளிப்பட்டது 1986இல், நம் தமிழகத்தில். சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியை டாக்டர் சுனீதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி டாக்டர் நிர்மலா இரத்த மாதிரிகளைத் திரட்டினார். அவை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. ஆறு பேருக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. ஒரு மாணவியின் ஆய்வேடு நாட்டையே விழிக்கச் செய்தது என்பதை மாணவர்களாகிய நாம் மறக்கலாகாது.

அந்த ஒன்பது மரபணுக்களுள் நான்கு உண்டாக்கும் புரதங்களுக்குத் ‘துணைப் புரதங்கள்’ என்று பெயர் வைத்தார்கள். விஃப், விபிஆர், விபியு, நெஃப் என்பன அவை. அவற்றை நீக்கிவிட்டாலும், ஆய்வகத்தில் வளரும் சிலவகை உயிரணுக்களில் நச்சுயிரி செவ்வனே பெருகியது. ஆகவே, இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று என்ற எண்ணம் உண்டாயிற்று.

ஆனால் விஃப் ஒரு புதிர் போட்டது. அது இல்லாத நச்சுயிரி சில உயிரணுக்களில் வளர்ந்தது. மனித இரத்தத்தின் டி-வெள்ளணுக்களில் உருவானபோதோ மலடாகிப் போனது. 1998இல் ஆய்வாளர்கள் இவ்விருவகை உயிரணுக்களையும் ஒன்றாக இணைத்துப் பார்த்தார்கள். இணைந்த உயிரணுவும் நச்சுயிரியைத் தடுத்தது. இதிலிருந்து என்ன தெரிகிறது? தடுக்கும் உயிரணுவுக்குள் ஒரு காவலன் இருக்கிறான். அவனை அடக்கவே விஃப் வேண்டியிருக்கிறது. 2002இல் ஆன் ஷீஹி, மைக்கேல் மாலிம் ஆகியோர் அடங்கிய குழு அக்காவலனைக் கண்டுபிடித்தது. இன்று அதன் பெயர் அபோபெக் 3ஜி.

இக்காவலன் வேலை செய்யும் விதம் வேடிக்கையானது. புதிய நச்சுயிரி உயிரணுவைவிட்டுப் புறப்படும்போது இவனும் அதனுள் ஏறி உட்கார்ந்துகொள்கிறான். அடுத்த உயிரணுவில் நச்சுயிரி தன் ஆர்.என்.ஏ.யைப் பார்த்து டி.என்.ஏ.யாகப் படியெடுக்கத் தொடங்கும்போது, ‘சி’ என்னும் எழுத்துகளை ‘யு’ என்று மாற்றிவிடுகிறான். நம் ஆண்டு மலரை அச்சிடும்போது யாரோ ஒருவர் பக்கத்துக்குப் பக்கம் எழுத்தை மாற்றிக் கோத்தால் மலர் என்னாகும்? அதே கதிதான் நச்சுயிரிக்கும். ஏறத்தாழ 9,700 எழுத்துகள் கொண்ட அதன் ஏடு பொருளற்றுப் போகிறது.

இவனை விஃப் எப்படி வீழ்த்துகிறது? இங்கேதான் கோடரிக் காம்பு வருகிறது. தேயிலைத் தோட்டத்தில் வெட்டவேண்டிய சில்வர் ஓக் மரத்துக்கு முதலில் குறியிடுவார்கள். வெட்ட வருகிறவர் குறியைப் பார்த்து வெட்டுவாரேயன்றி, ஏன் என்று கேட்பதில்லை. நம் உயிரணுவிலும் பழுதான புரதங்களைக் கழிக்க இத்தகைய ஏற்பாடு உண்டு. கழிக்க வேண்டிய புரதத்தின்மேல் யுபிக்விட்டின் என்னும் சிறு புரதம் குறியாக ஒட்டப்படும். குறி பெற்றதைப் புரோட்டியசோம் என்னும் எந்திரம் துண்டு துண்டாக்கும். விஃப் தானாக எதையும் வெட்டுவதில்லை. ஒரு கையால் காவலனையும் மறு கையால் உயிரணுவின் குறியிடும் பொறியையும் பிடித்து, இரண்டையும் அருகருகே நிறுத்துகிறது. நல்ல மரத்தின்மேல் வெட்டுக்குறி விழுகிறது. உயிரணு தன் காவலனைத் தானே கொல்கிறது! 2003இல் இந்த உண்மை வெளியாயிற்று. ‘துணை’ என்று ஒதுக்கப்பட்டது, நச்சுயிரியின் உயிர்நாடிகளுள் ஒன்றாக நின்றது.

இனி என் வாதத்துக்கு வருகிறேன். ஆண்டுதோறும் டிசம்பர் 1ஆம் நாள் கல்லூரிகளில் பேரணி நடக்கிறது. செஞ்சுருள் சங்கத்தார் அட்டைகள் ஏந்துகிறார்கள். ‘எய்ட்ஸ் ஓர் உயிர்க்கொல்லி’ என்று முழங்குகிறோம். அந்நச்சுயிரி எங்கே வாழ்கிறது, எதைக் கொண்டு பெருகுகிறது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் விடை சொல்வோம்? அச்சத்தை விதைத்துவிட்டு அறிவை விதைக்காமல் விடுகிறோம். விளைவு என்ன? தொற்றுள்ளவருக்குத் தேநீர்க் கடையில் தனிக் குவளை, லைன் வீட்டில் தனித் தண்ணீர்க்குடம், விருந்தில் தனி இலை.

எண்ணிப் பாருங்கள். ஒன்பதே மரபணுக்களை வைத்துக்கொண்டு, கோடரிக்கும் காம்புக்கும் நம் உயிரணுவிடமே கையேந்தும் ஒன்று, தேநீர்க் குவளையின் விளிம்பில் என்ன செய்துவிட முடியும்? அங்கே அது கடன் வாங்க உயிரணு ஏது? தொற்றுள்ள இரத்தம், பகிர்ந்துகொள்ளும் ஊசி, பாதுகாப்பற்ற உடலுறவு, தாயிடமிருந்து சேய்க்கு என்ற வழிகளில்தான் அது பரவுகிறது. கைகுலுக்கினாலோ, கூட அமர்ந்து உண்டாலோ, கொசு கடித்தாலோ பரவாது.

‘அச்சம் இருந்தால்தானே இளைஞர் ஒழுங்காக இருப்பர்? இந்த விஃப்பும் புரதமும் பாமரருக்கு எதற்கு?’ என்று கேட்பவர் உளர். அவர்களுடைய அக்கறையை நான் மதிக்கிறேன். ஆயினும், அச்சம் ஒழுக்கத்தை மட்டுமா தரும்? சோதனைக்குப் போகவும் தயங்க வைக்கும். அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் சோதனை இலவசம், முடிவும் இரகசியம். 2004 ஏப்ரல் முதல் அரசு இலவசக் கூட்டு மருந்து வழங்கி வருகிறது. தொடக்கத்திலேயே அதைப் பெற்ற மருத்துவமனைகளுள் தாம்பரமும் ஒன்று. மருந்தை முறையாக உண்டு, இரத்தத்தில் நச்சுயிரி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை. தொற்றுள்ளவரை வேலையிலும் படிப்பிலும் குடியிருப்பிலும் ஒதுக்குவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அச்சத்தால் ஒளிந்துகொள்பவருக்கு இவற்றுள் எது போய்ச் சேரும்?

விஃப்பை அடக்கும் மருந்து இன்னும் மருத்துவமனைக்கு வரவில்லை. இன்றைய மருந்துகள் நச்சுயிரியின் வேறு உறுப்புகளையே தாக்குகின்றன. விஃப்பின் பிடியை மட்டும் விலக்கிவிட்டால் நம் காவலனே போரிடுவான் என்ற நம்பிக்கையோடு ஆய்வுகள் நடக்கின்றன. அந்த மருந்தை நம் மாணவருள் ஒருவர் ஏன் காணக்கூடாது? அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த டிசம்பரில் செஞ்சுருள் சங்கத்தின் சார்பில் ஒரு மணி நேரமாவது, எல்லாத் துறை மாணவருக்கும் புரியும் தமிழில், இந்நச்சுயிரியின் வாழ்க்கையை விளக்க ஏற்பாடு செய்வோம். கேட்டவர் ஒவ்வொருவரும் தம் ஊருக்கும் தோட்டத்துக்கும் சென்று இருவருக்குச் சொல்லட்டும்.

உயிரணு ஏமாந்து தன் காவலனைக் கழிக்கிறது; அதற்குப் படிப்பில்லை. படித்த நாம், யாரோ இட்ட குறியைப் பார்த்து நம் சகோதரரை ஒதுக்கினால், அந்தக் கோடரிக்கு நாமே காம்பாவோம்.