கல்லும் தோணியாகும்



மலாய் மொழியில் 'பத்து' என்றால் கல். 'காவான்' என்றால் நண்பன். நம் ஊர்ப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அடியேனுக்கு அப்பர் பெருமானே நினைவுக்கு வருகிறார். 7-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் ஆணையால் அவரைக் கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளினர். அவர் ஐந்தெழுத்தை ஓதினார். அமிழ்த்த வந்த கல்லே தோணியாகித் திருப்பாதிரிப்புலியூரில் கரை சேர்த்தது என்கிறது பெரியபுராணம். கல் மிதக்கும் என அறிந்து அவர் ஓதவில்லை. இறைவனை நம்பியே ஓதினார்.

2021 ஜனவரி 28 தைப்பூசத்தன்று, கொரோனா கட்டுப்பாட்டால் பினாங்கில் இரத ஊர்வலம் நடைபெறவில்லை. "நேர்ந்துகொண்ட காவடியை எடுக்க முடியவில்லையே, தெய்வக் குற்றமாகுமோ?" என்று பலரும் கலங்கினர். அடியேனும் உறக்கமின்றித் தவித்தேன். அன்று மாலை வீட்டுப் பூசையறையில், என்றுமில்லாதபடி பிள்ளைகள் எங்களோடு அமர்ந்து தேவாரம் பாடினர். கலக்கம் நீங்கியது.

இன்று நம் தோட்டங்கள் தொழிற்பேட்டைகளாகிவிட்டன. வேலை, வீடு, பிள்ளைகளின் எதிர்காலம் எனக் கவலைகள் பல. முயற்சியைக் கைவிடுவது பக்தியன்று. கடமையைச் செய்வோம், முடிவை அவனிடம் ஒப்படைப்போம். நெஞ்சில் கனக்கும் கல்லும் ஒருநாள் நம்மைக் கரை சேர்க்கும்.

திருவருள் துணை நிற்பதாக!