காதலுக்கும் கோபத்துக்கும் ஒரே விலை

'எந்திரன்' (2010) படத்தில் சிட்டிக்கு உணர்ச்சியைக் கற்றுக்கொடுக்கிறார்கள். கற்றதும், தன்னைப் படைத்தவர் நேசிக்கும் பெண்ணையே அது நேசிக்கத் தொடங்குகிறது. அழிவெல்லாம் அதற்குப் பிறகுதான். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற இயந்திர நாய், கூட இருக்கும் மனிதர்களைவிட மனிதத்தன்மையோடு நடந்துகொள்கிறது. இயந்திரத்துக்கு மனசு வந்தால் என்ன ஆகும் என்பதுதான் இரண்டு கதைகளுக்கும் அடிப்படை.

கண்டியிலிருந்து பார்த்தால் இது கொஞ்சம் சொகுசான கேள்வி. வீதியில் ஏற்பட்ட தகராறில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் உயிரிழந்ததைத் தொடர்ந்து, 2018 மார்ச் தொடக்கத்தில் கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் கொளுத்தப்பட்டன. எரிந்த வீட்டில் ஓர் இளைஞர் இறந்தார். மார்ச் 6 ஆம் திகதி நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனமானது. அடுத்த நாள் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் முடக்கப்பட்டன. ஆட்சியாளர்கள் எதற்குப் பயந்தார்கள் என்பதை அந்தத் தடையே சொல்லிவிட்டது.

சில வாரங்களுக்கு முன்புதான், அந்த ஆண்டு ஜனவரியில், நண்பர்களும் குடும்பத்தினரும் இடும் பதிவுகளுக்கே இனி முன்னுரிமை என்று பேஸ்புக் அறிவித்திருந்தது. கேட்க எவ்வளவு இதமாக இருக்கிறது! ஆனால் நெருக்கத்தை அது அளந்தது பின்னூட்டங்களையும் பகிர்வுகளையும் எண்ணித்தான். 2021 இல் வெளிவந்த அதன் உள் ஆவணங்கள் இன்னொன்றையும் காட்டின. 2017 முதல், பதிவுகளை வரிசைப்படுத்தும் கணிப்பில் ஓர் இதயக் குறிக்கு 5 லைக்கின் மதிப்பு. சிவந்த முகத்தோடு வரும் கோபக் குறிக்கும் அதே 5. காதலும் கோபமும் அந்தத் தராசில் ஒரே எடை. கோபக் குறியின் மதிப்பு பூச்சியமானது 2020 இல்தான். அதற்குள் திகன எரிந்து இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன.

கொழும்பிலுள்ள மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014 இலிருந்தே பேஸ்புக்கில் பரவும் சிங்கள வெறுப்புப் பதிவுகளை ஆவணப்படுத்தி வந்தது. கலவர நாட்களில் வந்த ஒரு பதிவு கடும் இளஞ்சிவப்புப் பின்னணியில் வெள்ளைச் சிங்கள எழுத்து. முஸ்லிம்களைக் குழந்தைகள் உட்பட ஒருவர் விடாமல் கொல்லச் சொன்னது. பேஸ்புக்கிடம் முறையிட்டவருக்கு நாட்கள் கழித்துப் பதில் வந்தது: இது எமது விதிகளை மீறவில்லை. சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர்கள் பேஸ்புக் நிறுவனத்தில் போதிய அளவு இருக்கவில்லை. 2020 மே மாதத்தில், வன்முறையில் தன் தளம் வகித்த பங்குக்காக அது மன்னிப்புக் கேட்டது.

இயந்திரத்தின் தலையில் எல்லாப் பழியையும் போட எனக்கு விருப்பமில்லை. நெருப்பு வைத்த கைகள் மனிதக் கைகள். பாதுகாப்புப் படையினர் பார்த்துக்கொண்டிருந்ததாக அப்போதே குற்றச்சாட்டு எழுந்தது. முஸ்லிம் குடும்பங்களைத் தங்கள் வீட்டுக்குள் வைத்துக் காத்த சிங்கள அயலவர்களும் இருந்தார்கள். சத்தமில்லாமல் நடந்த அந்தக் காரியத்துக்கு யார் லைக் போடப்போகிறார்கள்?

1956 இல் இலங்கைக்கு வந்து இங்கேயே குடியிருந்த விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், இயந்திரத்தின் குற்றம் எங்கிருந்து வருகிறது என்பதை நம்மைவிடத் தெளிவாகப் பார்த்திருந்தார். அவருடைய கதையில் ஹால் என்ற கணினி விண்கலத்தில் இருப்பவர்களைக் கொல்வது வெறுப்பினால் அல்ல. பயணத்தின் நோக்கத்தைக் கூட வருபவர்களிடமிருந்து மறைக்கும்படி பூமியிலிருந்த அதிகாரிகள் அதற்குக் கட்டளையிட்டிருந்தார்கள். உண்மையை உள்ளபடி சொல்லவென்றே படைக்கப்பட்ட ஒன்று அதில் சிக்கிக் குழம்பிப்போனது. குற்றம் கட்டளையில் இருந்தது. பேஸ்புக்கின் கணிப்பிலும் கட்டளை இருந்தது: ஆட்களை விலக விடாதே.

அதனால் இன்னொரு காதல் கொண்ட ரோபோ கதையில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. கண்டியின் விஞ்ஞானப் புனைகதையை எழுதப்போகிறவர் அந்த இளஞ்சிவப்புப் பதிவு பற்றிய முறைப்பாட்டின் பின்னால் போகலாம். பதில் வரும்வரை அது எந்த ஊரில், யாருடைய திரையில் கிடந்தது, 'மீறவில்லை' என்ற பொத்தானை அழுத்தியது மனிதரா மென்பொருளா, மனிதரென்றால் அவருக்கு எந்த மொழி தெரியும் என்றெல்லாம் துருவினாலே ஒரு நாவலுக்குப் போதும்.