வடைப் பொட்டலத்துக்கு ஐந்து மார்க்!

மஃரிப் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் தெருப் பையன் ஒருவன், பன்னிரண்டாம் வகுப்பு, கையில் ஆங்கில நோட்ஸோடு வந்தான். சி.பி.எஸ்.இ. பள்ளியில் படிக்கிறான்.

"ஹஜ்ரத், ஒரு பெரியவர் வடைப் பொட்டலத்தைக் கையால தொடாம, கயித்தைப் பிடிச்சுத் தூக்கிட்டுப் போறாராம். அதைப் பார்த்து ஒரு பிள்ளை சிரிக்குதாம். அஞ்சு மார்க் கேள்வி" என்றான்.

ஏன் அப்படித் தூக்கினார் என்று கேட்டேன். "அன்டச்சபிலிட்டி" என்று ஒப்பித்தான். ஒப்பித்துவிட்டு அவனும் சிரித்தான்!

அவனைக் குறை சொல்ல மாட்டேன் சகோதரர்களே! அந்தச் சிறுமியும் முதலில் சிரித்தவள்தான். விருதுநகர் மாவட்டம் புதுப்பட்டியில் ஒரு தலித் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த எழுத்தாளர் பாமாதான் அந்தச் சிறுமி. 1992ல் வெளிவந்த 'கருக்கு' நூலில் தன் வாழ்க்கையை எழுதியவர். பாடத்தில் வரும்போது அவர் மூன்றாம் வகுப்பு மாணவி. பத்து நிமிடத்தில் வீடு சேர வேண்டியவள், கடைத்தெருவில் குரங்காட்டியையும் பாம்பாட்டியையும் வேடிக்கை பார்த்து ஒரு மணி நேரம் கழித்துப் போவாள். அப்படி வரும் வழியில்தான் பொட்டலத்தைப் பார்க்கிறாள். பண்ணையாருக்குப் பலகாரம் கொண்டுபோகும் பெரியவர் தன் தெருக்காரர். வயதில் மூத்தவர் இப்படிக் கோமாளித்தனம் செய்கிறாரே என்று அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்கு ஓடி அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் கை பட்டால் தீட்டு என்று நினைக்கிறார்கள், அதனால்தான் கயிறு என்று விளக்குகிறார். அன்றோடு போயிற்று அந்தப் பிள்ளையின் சிரிப்பு.

என்.சி.இ.ஆர்.டி. நூலில் இந்தப் பகுதிக்கு ஜோடியாக அமெரிக்கப் பழங்குடிப் பெண் ஸிட்கலா-ஸாவின் அனுபவமும் இருக்கிறது. வெள்ளையர் நடத்திய பள்ளியில் சிறுமியின் நீண்ட கூந்தலை வெட்டுகிறார்கள். கட்டிலுக்கடியில் ஒளிந்தவளை இழுத்து வந்து நாற்காலியில் கட்டிப்போட்டு வெட்டுகிறார்கள். அவள் இனத்தில் துக்கம் காப்பவருக்கும் கோழைக்கும்தான் முடியைக் குறைப்பார்கள். அந்த வயதில் அவமானம் என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

உலகம் முழுதும் பள்ளிகளில் படிக்கும் நாவல் ஒன்று உண்டு. ஹார்ப்பர் லீ 1960ல் எழுதிய 'டு கில் எ மாக்கிங்பேர்ட்'. செய்யாத குற்றத்துக்குக் கறுப்பர் ஒருவரை வெள்ளை ஜூரிகள் தண்டிக்கிறார்கள். அவருக்காக வாதாடும் வக்கீலின் மகள் அதைப் பார்த்து நமக்குச் சொல்கிறாள். நல்ல நாவல்தான். ஆனால் தண்டனை பெற்ற டாம் ராபின்சனுக்கும் பிள்ளைகள் உண்டே, அவர்கள் என்ன பார்த்தார்கள்? அது அந்த நாவலில் அடங்கவில்லை. பாமாவின் எழுத்தில் அடிபட்ட வீட்டுப் பிள்ளையே பேசுகிறது. இந்த வித்தியாசத்தை ஒரு ஆசிரியர் வகுப்பில் பத்து நிமிடம் பேசினால் போதாதா? நோட்ஸில் நாலு வரியோடு முடிக்கிறார்களே!

நாலு வரிகூட வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பிலாக்சி நகரப் பள்ளிகளில் 2017ல் ஹார்ப்பர் லீயின் நாவலை எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து எடுத்தார்கள். சிலருக்குச் சங்கடமாக இருக்கிறதாம்! 2021ல் டெல்லி பல்கலைக்கழகம் பாமாவின் 'சங்கதி'யை ஆங்கிலப் பட்டப் பாடத்திலிருந்து நீக்கியது. மகாசுவேதா தேவியும் சுகிர்தராணியும் சேர்ந்தே போனார்கள்.

இங்கே நிலைமை என்ன? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் அவனோடு ஒரே பள்ளியில் படித்த பிள்ளைகள்! அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, மாணவர் கையில் சாதிக் கயிறு கூடாது என்று 2024ல் பரிந்துரைத்தது. வடைப் பொட்டலத்தில் இருந்த கயிறு இப்போது மணிக்கட்டுக்கு வந்துவிட்டது.

பையன் கிளம்பும்போது கேட்டான்: "நம்மள்ல இதெல்லாம் இல்லையே ஹஜ்ரத்?"

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். அபூதர்(ரலி) அவர்கள் ஒருவரை அவர் தாயைச் சொல்லி இழிவாகப் பேசியபோது, அறியாமைக் காலத்துக் குணம் இன்னும் உம்மிடம் இருக்கிறது என்ற கருத்தில் நபி(ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவத்தைச் சொல்லாத பயான் உண்டா? நானே எத்தனை ஜும்ஆவில் சொல்லியிருக்கிறேன்! ஆனால் முடிவெட்டும் குடும்பத்துப் பிள்ளையை அவன் வாப்பாவின் தொழிலைச் சொல்லி மதரஸா வாசலில் கூப்பிடுவதும் என் காதில் விழுந்திருக்கிறது. ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கிறோம். பெண் கேட்டுப் போகும்போது எந்த வீடு என்று விசாரிக்கிறோம். "நாளைக்கு வா, பேசுவோம்" என்று அவனை அனுப்பிவிட்டேன்.

ஜமாஅத் கூட்டத்தில் இதைச் சொன்னேன். கோடை விடுமுறையில் மதரஸாவில் வாரம் ஒரு மணி நேரம் 'கருக்கு' படிக்கலாம் என்றேன். "சின்னப் பிள்ளைங்க மனசுல இதை ஏன் ஏத்தணும்?" என்றார் ஒரு பெரியவர். வாசலில் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடும் பிள்ளைக்கு வயது ஒன்பது என்றேன். அதற்கு மேல் அவர் தடுக்கவில்லை. சம்மதம் என்றும் சொல்லவில்லை.

முதலில் பத்துப் பிரதிகள் வேண்டும். வாங்கித் தர விரும்பும் சகோதரர்கள் இஷாவுக்குப் பிறகு என்னைப் பார்க்கலாம்.