முகம் தெரியாத பெண்

டொம் அன்ட் ஜெரி பார்க்காத பிள்ளைகள் எம்மிடையே குறைவு. வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பரா இருவரும் 1940 முதல் 1958 வரை உருவாக்கிய 114 குறும்படங்களில் ஏழு ஒஸ்கார் விருது பெற்றவை. அவற்றைச் சுத்தப்படுத்தி, மங்கிய நிறத்தை மீட்டு, டிவிடி, புளூரே தட்டுகளாக வெளியிட்டுள்ளார்கள். பூனையும் எலியும் பளிச்சென்று தெரிகின்றன. ஆனால் நான் பேச விரும்புவது அந்த வீட்டில் வேலை செய்த பெண்ணைப் பற்றியே.

தடித்த உடல், ஏப்ரன், கையில் தும்புத்தடி. பூனையை அதட்டும் குரல் கேட்கும். முகம் மட்டும் அநேகமாகத் தெரியாது. அவள் ஒரு கறுப்பினப் பணிப்பெண். குரல் கொடுத்தவர் லிலியன் ரன்டொல்ஃப் என்ற கறுப்பின நடிகை. ஒரு சமூகத்துப் பெண்களை அடுப்படிக்குள் அடக்கிக் கேலிப்பொருளாக்கும் இச்சித்திரிப்பைக் கறுப்பின மக்களின் உரிமை அமைப்புகள் கண்டித்தன. 1952க்குப் பின் எடுத்த படங்களில் அவள் இல்லை.

1960களில் தொலைக்காட்சிக்காகப் பழைய படங்களையும் மாற்றினார்கள். சிலவற்றில் வெள்ளைப் பெண்ணை வரைந்தார்கள். குரலையும் ஐரிஷ் பெண்ணின் குரலாக்கினார்கள். கேலி போயிற்று, கூடவே லிலியனின் உழைப்பும் போயிற்று. 2011இல் 37 படங்களுடன் வந்த கோல்டன் கலெக்‌ஷன் முதற்தொகுதியில் அவரது குரல் வெட்டின்றிக் கேட்டது. 2013இல் வரவிருந்த இரண்டாம் தொகுதியிலோ, கரி படிந்த முகத்தால் கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் காட்சிகளுள்ள இரு படங்களை விட்டுவிட்டார்கள். இரசிகர்கள் எதிர்க்க, அவ்வெளியீடே நின்றது.

மறைப்பதா, காட்டுவதா? 2005இல் வெளிவந்த லூனி ட்யூன்ஸ் மூன்றாம் தொகுதியின் தொடக்கத்தில் நடிகை வூப்பி கோல்ட்பேர்க் இதற்குப் பதில் சொல்கிறார்: இக்கேலிகள் அன்றும் தவறு, இன்றும் தவறு, ஆனால் நீக்கிவிட்டால் அப்படியொன்று நடக்கவேயில்லை என்று சொல்வதாகிவிடும்.

எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது. ஆனால் அந்த முன்னுரை பெரியவர்களுக்கானது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது விளங்காது. அங்கே முன்னுரை சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். எனவே தாய்மாரே, தட்டைப் போட்டுவிட்டுச் சமையலுக்குப் போகாமல் பத்து நிமிடம் பக்கத்தில் இருங்கள். "இந்த அம்மாவின் முகத்தை ஏன் காட்டவில்லை? வீட்டு வேலை முழுவதையும் அவர் மட்டும் ஏன் செய்கிறார்?" என்று கேளுங்கள். பிள்ளையின் பதிலில் எங்கள் வீடுகளும் தெரியக்கூடும்.