முகாமில் பிறந்தவரும் உள்ளூர் ஆட்டக்காரரே

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரக் கிராமக் கால்பந்துக் குழுக்கள் கூடி எடுத்த நிலைப்பாடு

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் வளரும் பிள்ளைகளை எங்கள் கிராமத் தொடர்களில் உள்ளூர் ஆட்டக்காரர்களாக இறக்கலாமா என்று அணிகள் கேட்கின்றன. இறக்கலாம், இறக்க வேண்டும் என்பதே எங்கள் பதில். கேரளத்தின், தமிழ்நாட்டின் கால்பந்துச் சங்கங்களும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பும் இந்தப் பிள்ளைகளை வெளிநாட்டவர் வரிசையில் வைப்பதை நிறுத்த வேண்டும் என்றும், ஒன்றிய அரசு அவர்களுக்குக் குடியுரிமைக்கான வழியைத் திறக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம். பந்து விளையாட்டு நடத்துகிறவர்களுக்குக் குடியுரிமைப் பேச்சு எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஒரு கால்பந்துக்காரரின் ஆட்ட வயது பதினைந்து வருடம் இருந்தால் பெரிது. ஒரு கோப்பு அலுவலகத்தில் அவ்வளவு காலம் சாதாரணமாகத் தூங்கும்.

முகாம் எங்கோ கண்காணாத இடத்தில் இல்லை. களியக்காவிளை அருகே கோழிவிளையில் ஒன்று இருக்கிறது, மார்த்தாண்டம் அருகே ஞாறான்விளையில் ஒன்று. நடுவில் இருப்பது மாநில எல்லை ஒன்றுதான், அதுவும் எங்கள் தாத்தாமார் காலத்தில் வந்தது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போயிற்று, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுகொண்டது. பெண் கொடுத்த வீடு ஒரு மாநிலம், பெண் எடுத்த வீடு இன்னொரு மாநிலம் என்று ஆனது. தமிழ் பேசும் குடும்பங்கள் இந்தப் பக்கமும் மலையாளம் பேசும் குடும்பங்கள் அந்தப் பக்கமும் தங்கிவிட்டன. பந்து மட்டும் அந்தக் கோட்டை ஒருநாளும் மதித்ததில்லை. பொழியூர்ப் பையன்கள் நீரோடிக்குப் போய் ஆடுவார்கள், வள்ளவிளை, தூத்தூர்ப் பையன்கள் பொழியூருக்கு வந்து ஆடுவார்கள். 2018இல் கொல்கத்தாவில் வங்கத்தைப் பெனால்ட்டியில் வீழ்த்திச் சந்தோஷ் கோப்பையைக் கொண்டுவந்த கேரள அணியில் பொழியூர்க்காரர் சீசன் இருந்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி அணியிலிருந்து ஜம்ஷெட்பூருக்கும் ஏடிகேவுக்கும் போய் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) ஆடினார். கடற்கரை மணலில் ஆடியே ஒருவர் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகலாம் என்பதை இந்த ஊர்களுக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. அதே வட்டாரத்தில், அதே பள்ளிக்கூடங்களில் படிக்கும் முகாம் பிள்ளைக்கு மட்டும் அந்த வழி பாதியில் அடைபட்டிருக்கிறது.

அடைப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்க, அகதியாக வந்து பெரிய ஆட்டக்காரரான சிலரின் கதையைப் பார்ப்பது நல்லது. நைஜீரியாவின் கடுனா நகரில் 2002இல் நடந்த கலவரத்தில் தாயையும் தகப்பனையும் இழந்தார் விக்டர் மோசஸ். அப்போது அவருக்கு வயது 11. இங்கிலாந்தில் புகலிடம் கேட்டு வந்த பையனை ஒரு வளர்ப்புக் குடும்பம் ஏற்றது, பள்ளிக்கூடம் சேர்த்துக்கொண்டது, கிரிஸ்டல் பேலஸ் கிளப்பின் பயிற்சிக்கூடம் எடுத்துக்கொண்டது. 2007இல் அந்தக் கிளப்பின் முதல் அணிக்கு ஆடினார். 2016-17இல் செல்சீ பிரீமியர் லீக் வென்றபோது வலது ஓரம் முழுக்க அவர் கையில் இருந்தது. அதற்கும் முன்பே, 2013இல், நைஜீரியாவுக்கு ஆடி ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றிருந்தார். இங்கிலாந்தின் இளையோர் அணிகளுக்கும் அவர் ஆடியவர். எந்த நாட்டுக்கு ஆடுவது என்று தானே முடிவெடுக்கும் நிலை அவருக்கு வாய்த்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அல்ஃபோன்சோ டேவிஸ் பிறந்ததே முகாமில்தான். லைபீரிய உள்நாட்டுப் போரிலிருந்து ஓடிவந்த பெற்றோருக்கு 2000இல் கானாவின் புடுபுரம் முகாமில் பிறந்தார். 2005இல் குடும்பம் கனடாவுக்குப் போனது. எட்மன்டன் நகரில், கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்காகப் பள்ளிகள் வழியாக நடந்த இலவசக் கால்பந்துத் திட்டம் ஒன்றில் அவர் ஆட்டம் தொடங்கியது. எங்களுக்கு அவருடைய சாம்பியன்ஸ் லீக் பதக்கத்தைவிட 2017 ஜூன் மாதம்தான் முக்கியம். அந்த மாதம் 6ஆம் தேதி அவருக்குக் கனடியக் குடியுரிமை கிடைத்தது. 13ஆம் தேதி கனடா தேசிய அணிக்காகக் களமிறங்கினார், வயது 16. காகிதம் கைக்கு வந்து ஒரு வாரத்தில் ஒரு நாட்டுக்கு அதன் மிகப் பெரிய ஆட்டக்காரர் கிடைத்தார். 2022 உலகக் கோப்பையில், ஆடவர் பிரிவில் கனடாவின் முதல் கோலை அடித்தவரும் அவர்தான்.

காகிதம் அரைகுறையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹக்கீம் அல்-அரைபி சாட்சி. பஹ்ரைனில் தேசிய அளவில் ஆடிய தடுப்பாட்டக்காரர். 2012இல் கைது செய்யப்பட்டுச் சித்திரவதைக்கு ஆளானதாகச் சொன்னவர், 2014இல் ஆஸ்திரேலியாவுக்குத் தப்பினார். காவல் நிலையத்தைத் தாக்கினார் என்ற வழக்கில் அவர் இல்லாமலேயே பத்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அந்தச் சம்பவ நேரத்தில் தான் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஒரு போட்டியில் ஆடிக்கொண்டிருந்ததாக அவர் வாதிட்டார். 2017இல் ஆஸ்திரேலியா அவரை அகதி என்று ஏற்றது, மெல்போர்னில் பாஸ்கோ வேல் கிளப்புக்கு ஆடிவந்தார். 2018 நவம்பரில் மனைவியுடன் தேனிலவுக்குத் தாய்லாந்து போனபோது, பாங்காக் விமான நிலையத்திலேயே பிடித்துவிட்டார்கள். பஹ்ரைன் கேட்டு இன்டர்போல் விடுத்த சிவப்பு அறிவிப்பு அகதி ஒருவர் மேல் விடப்படவே கூடாதது. சில நாட்களில் அது திரும்பப் பெறப்பட்டும் அவரை விடவில்லை. காலில் சங்கிலியோடு நீதிமன்றத்துக்கு இழுத்து வரப்பட்டார். 76 நாட்கள். ஆஸ்திரேலிய அணியின் முன்னாள் தலைவர் கிரெய்க் ஃபாஸ்டர் ஊர் உலகமெல்லாம் அலைந்து குரல் எழுப்பினார். 2019 பிப்ரவரியில் விடுதலை, மார்ச் 12 அன்று ஆஸ்திரேலியக் குடியுரிமை.

இந்தக் கதையில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் ஷேக் சல்மான் பஹ்ரைன் அரச குடும்பத்தவர், அல்-அரைபி பகிரங்கமாகக் குறை சொன்னவரும் அவரைத்தான். அதனால் அந்த விவகாரத்தை மூத்த துணைத் தலைவர் பார்க்க வேண்டியதாயிற்று. அவர் அப்போது அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவராகவும் இருந்த பிரஃபுல் படேல். அல்-அரைபியைப் பத்திரமாக ஆஸ்திரேலியாவுக்கே அனுப்பிவைக்கும்படி தாய்லாந்துப் பிரதமருக்கு 2019 ஜனவரியில் கடிதம் போனது. தாமதமான கடிதம்தான், ஆனாலும் சரியான கடிதம். அகதி ஆட்டக்காரர் என்றால் யார், அவருக்கு என்ன நேரும் என்பது இந்தியக் கால்பந்துத் தலைமைக்குத் தெரியாத செய்தி இல்லை.

இனி நம் ஊர் நிலவரம். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. 1983 முதல் 2012 வரை இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கு மேல். 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் தரப்பட்ட கணக்குப்படி அப்போது முகாம்களில் இருந்தவர்கள் 58,822 பேர், வெளியே 34,087 பேர். அந்த மாதமே 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது, புது வீடுகளுக்கும் உதவித்தொகைக்கும் பணம் ஒதுக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு செய்த நல்ல காரியம் அது, நன்றியோடு சொல்கிறோம். குடியுரிமை மாநில அரசின் கையில் இல்லை. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும், 2004 டிசம்பருக்குப் பின் பிறந்தவருக்கு விதி இன்னும் இறுகியது. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் 2022இல் உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் பாஸ்போர்ட் வாங்கினார், 2024இல் திருச்சியில் முதல் முறையாக ஓட்டுப் போட்டார். அவருக்கு அப்போது வயது 38. கால்பந்தில் அந்த வயதில் ஓய்வு பெற்று, பயிற்சியாளராகி, அந்த வேலையையும் ஒருமுறை இழந்திருப்பார்கள். இரண்டு வருடம் பிந்திப் பிறந்த பிள்ளைக்கு அந்த வழக்கும் கைகொடுக்காது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்ற மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்காகத் தண்டனை இல்லை என்று 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு ஆணையிட்டது. வரவேற்கிறோம். தண்டிக்க மாட்டோம் என்று சொல்வதற்கும் நீ எங்கள் ஆள் என்று சொல்வதற்கும் நடுவில் நெடுந்தூரம் இருக்கிறது.

கால்பந்தில் இது எப்படி உறைக்கிறது என்று பாருங்கள். வெளியூரில் ராத்திரி தங்க முகாம்வாசி அனுமதி வாங்க வேண்டும், ஆள் சரிபார்க்கும் நாளில் முகாமில் இருக்க வேண்டும். பயிற்சி முகாமும் வெளியூர்ப் போட்டியும் இல்லாமல் யார் ஆட்டக்காரர் ஆக முடியும்? அதைத் தாண்டி ஒரு கிளப் வரை வந்தாலும், குடியுரிமை இல்லாதவர் வெளிநாட்டவர் கணக்கில் விழுவார். ஐஎஸ்எல்லில் களத்தில் இறங்கும் வெளிநாட்டவர் எண்ணிக்கை 2021-22 பருவத்தில் நான்காகக் குறைக்கப்பட்டது. இந்திய ஆட்டக்காரர்களுக்கு இடம் கிடைக்கச் செய்த நல்ல ஏற்பாடு அது. ஸ்பெயினிலும் பிரேசிலிலும் பத்து வருடம் ஆடிப் பழகியவர்களோடு அந்த நான்கு இடங்களுக்கு விளவங்கோட்டுப் பள்ளியில் படித்த 18 வயதுப் பையன் முட்டிமோத வேண்டும் என்பது யாரும் யோசித்து வைத்த விதியாகத் தெரியவில்லை. யாரும் யோசிக்காததுதான் குறை. தேசிய அணிக்கோ இந்தியப் பாஸ்போர்ட் கட்டாயம். ஜப்பானில் பிறந்த இசுமி அராட்டா 2012இல் இந்தியக் குடியுரிமை பெற்று இந்தியாவுக்கு ஆடினார். ஆஸ்திரேலியாவில் பிறந்த ரையன் வில்லியம்ஸ் 2025இல் அந்த நாட்டு பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு இந்தியர் ஆனார். இருவரையும் மனமார வரவேற்றவர்கள் நாங்கள். குமரி மாவட்டத்தில் பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே பந்து பழகியவருக்கு விண்ணப்பிக்கவே வழியில்லை என்பதைத்தான் எங்களால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

கால்பந்துச் சங்கங்கள் ஒன்றிய அரசுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட வெளிநாட்டுப் பிள்ளையைப் பதிவு செய்வதில் பிஃபா கடுமை காட்டினாலும், அந்த நாட்டிலேயே ஐந்து வருடம் தொடர்ந்து வாழ்ந்த பிள்ளைக்கும், உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து என்று ஓடிவந்த பிள்ளைக்கும் விலக்கு வைத்திருக்கிறது. அடுத்தது ஐரோப்பாவின் வழி. ஒரு கிளப்பில் அல்லது அதே நாட்டில் இளவயதில் மூன்று பருவம் பயின்றவரை, எந்த நாட்டுக் குடிமகனாக இருந்தாலும், 'உள்ளூரில் உருவான ஆட்டக்காரர்' என்று 2006 முதல் ஐரோப்பியக் கூட்டமைப்பு கணக்கில் எடுக்கிறது. இந்த ஒரு விதியை அகில இந்தியக் கூட்டமைப்பு எழுதிக்கொண்டால் போதும், முகாம் பிள்ளைக்கு லீக் ஆட்டத்தின் கதவு திறந்துவிடும். நாடாளுமன்றம் கூட வேண்டாம், செயற்குழு கூடினால் போதும்.

எதிர்வாதங்களையும் கேட்டோம். எங்கள் பிள்ளைகளின் இடம் போய்விடும் என்றார்கள் சில பெற்றோர். போட்டி கூடும், உண்மை. பொழியூரும் தூத்தூரும் ஒன்றையொன்று வெல்லப் பார்த்துத்தான் இரண்டும் வளர்ந்தன. விளையாட்டைச் சாக்கிட்டு வெளிநாட்டுக்கு ஓடுகிறவர்கள் உண்டே என்றார் ஒருவர். உண்டு. 2004இல் இலங்கையின் தேசிய ஹேண்ட்பால் அணி என்று சொல்லிக்கொண்டு ஜெர்மனிக்குப் போன 23 பேர் மாயமானார்கள், இலங்கையில் அப்போது அப்படி ஒரு அணியே கிடையாது. சிரிப்பதற்கு நல்ல கதை, சினிமாவாகவும் வந்தது. பிறந்ததிலிருந்து ஒரே முகவரியில், காவல்துறையின் பதிவேட்டில் இருக்கும் பிள்ளைக்கு அதைப் பொருத்த முடியாது. 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் வந்த பாதுகாப்புக் கவலையைச் சிலர் நினைவூட்டினார்கள். அந்த ஆண்டில் பிறக்கவே இல்லாதவர்கள்தான் இன்று பந்து ஆடுகிறார்கள். இலங்கைக்குத் திரும்ப விரும்புகிறவர்களின் வழியை இந்தக் கோரிக்கை அடைக்கக் கூடாது என்று முகாம் நலனில் அக்கறை கொண்டவர்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறோம். போவதா இருப்பதா என்பது அவர்கள் முடிவு.

எங்கள் கையில் இருப்பதை நாங்கள் இப்போதே செய்கிறோம். எங்கள் குழுக்கள் நடத்தும் லெவன்ஸ், செவன்ஸ் தொடர்கள் எதிலும் குடியுரிமைச் சான்று கேட்கப்படாது. வயதுக்குப் பள்ளிச் சான்றிதழ் போதும். முகாம் பிள்ளை ஆடும் அணிக்கு வெளியூர்ப் போட்டி இருந்தால், அனுமதிக் கடிதத்துக்கான விவரங்களைப் போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே எழுதிக் கொடுப்பது நடத்தும் குழுவின் பொறுப்பு. அன்றன்றே திரும்ப முடிகிற மாதிரி அவர்களின் ஆட்டங்களை முற்பகலில் வைக்க வேண்டும். நுழைவுக் கட்டணம், பூட்ஸ், பஸ் செலவு பொதுநிதியிலிருந்து வரும். பெண்கள் அணிகளுக்கும் இவை அத்தனையும் பொருந்தும். ஓர் ஆட்டக்காரரின் வயதைப் பற்றி எதிரணி ஆட்சேபம் தரலாம். அவர் எங்கே பிறந்தார், பெற்றோர் எங்கிருந்து வந்தார்கள் என்பதன் பேரில் வரும் ஆட்சேபம் எதுவும் ஏற்கப்படாது, அதற்காகக் கட்டிய ஆட்சேபக் கட்டணமும் திரும்பத் தரப்படாது.